மண் செய்யவேண்டிய வேலை

அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் கொள்வதற்கு நம் நாட்டில் காரணங்களுக்கு ஒருகாலும் பஞ்சம் இருந்ததில்லை. எல்லைக்கல் ஒரு சாண் நகர்ந்துவிட்டது, தென்னை மட்டை ஓட்டின்மேல் விழுந்தது, கூரைத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கிவிட்டது என்று முன்சீப் கோர்ட்டுப் படியேறிய வழக்குகள் மூன்று தலைமுறைகளைக் கண்டவை. ஆனால் மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வரையிலும், திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரையிலும், ஒரு காலத்தில் நெல்லும் சவுக்கும் நின்ற பூமியெல்லாம் மனைகளாகப் பிரிந்து, வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எழுந்துவிட்ட இக்காலத்தில், ஐப்பசி பிறந்து அடைமழை நாலு நாள் விடாமல் பெய்தவுடன் புதிய விவகாரம் ஒன்று தலையெடுக்கிறது. அடுத்த வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி, மதிலின் அடியில் கறுத்த நீராகக் கசிந்து, நம் புழக்கடையில் வந்து தேங்குகிறது. முன்சொன்ன தகராறுகளில் பகைமைக்கு ஆளானது மனம் மட்டுமே. இதில் கிணறும் உடம்பும் சேர்ந்துகொள்கின்றன.

கசிவு தோன்றும் இடத்தைக் குனிந்து பார்ப்பவருக்கு அது சொல்லும் சமாசாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. மதிலின் பூச்சு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஊறிப் பொருமி, அந்த ஈரம் முடியும் விளிம்பில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடாக நிற்கும். கல் இடுக்கிலிருந்து இறங்கும் நீர் முதலில் சாம்பல் கலந்த கறுப்பாக இருந்து, ஓரிரு அடி ஓடியதும் செங்காவி நிறம் கொள்ளும். காற்றில்லாத சேற்றில் கரைந்து வந்த இரும்பு, பிராணவாயுவைக் கண்டதும் துருவாகப் படிவதே அந்த நிறமாற்றத்துக்குக் காரணம். தேங்கிய நீரின்மேல் வானவில் வர்ணத்தில் ஓர் ஏடு மிதப்பதைப் பார்த்து, யாரோ எண்ணெயைக் கொட்டிவிட்டார்கள் என்று பலர் நினைப்பதுண்டு. ஒரு குச்சியால் அதைத் தொட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். எண்ணெய்ப் படலமானால் சுழன்று மறுபடி ஒன்றுகூடும். இதுவோ மெல்லிய அப்பளம்போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நிற்கும். இரும்பைக் கொண்டு ஜீவிக்கும் பாக்டீரியாக்கள் விரித்த ஏடு அது. சுற்றிலும் கோரையும் சேம்பும் அளவுக்கு மீறிச் செழித்திருக்கும். யாரும் வைக்காத உரம் அவற்றுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்யும் முதற்காரியம், கொத்தனாரைக் கூப்பிட்டு மதிலின் நம் பக்கத்தில் நீர் புகாத சிமெண்டைக் கனமாகப் பூசச் சொல்வதுதான். அந்தச் செலவு வீண். ஜலம் பத்தடி தள்ளி வேறோர் இடுக்கில் வெளிப்படும். வெளிப்படாவிட்டால் இன்னும் மோசம், அது அஸ்திவாரத்தின் கீழாகவே கிணற்றை நோக்கிப் போகிறது என்று பொருள். குற்றம் சுவரில் இல்லை என்பதையும், பல சந்தர்ப்பங்களில் தொட்டியிலும்கூட இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள, இந்தத் தொட்டி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

பிரான்ஸ் தேசத்து வெசூல் என்னும் ஊரில் ழான் லூயி மூராஸ் என்பவர் 1860-களில் தம் வீட்டுக்கு மூடிய தொட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டார் என்றும், பல ஆண்டுகள் கழித்து அதைத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்ததில் சிறு பங்குகூடக் கசடு இல்லாததைக் கண்டு அதிசயித்தார் என்றும் சொல்வார்கள். 1881-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு 1895-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்தில் டொனால்டு காமரன் என்பவர் இதே தத்துவத்தில் ஒரு தொட்டியை அமைத்து, இன்று உலகம் முழுவதும் வழங்கும் 'செப்டிக் டேங்க்' என்ற பெயரை அதற்குச் சூட்டினார். தத்துவம் மிக எளியது. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகரக் கணக்கில் புழங்கும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறினால், சுமார் 540 லிட்டர் ஆகிறது. அது தொட்டிக்குள் ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் நின்றால், கனமானவை அடியில் கசடாகப் படியும். கொழுப்பும் சோப்பு நுரையும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவிலுள்ள நீர் மட்டும் மறுமுனைக் குழாய் வழியே வெளியேறும். அடிக்கசடைக் காற்று வேண்டாத பாக்டீரியாக்கள் மெல்லச் செரித்து, மீதேன், கரியமிலவாயு, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்களாக ஒரு பகுதியைக் கலைத்துவிடுகின்றன. அப்படியும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு எழுபத்தைந்து லிட்டர் அளவில் கசடு சேர்ந்துகொண்டே வரும் என்பது நம் பொறியாளர்கள் கையாளும் கணக்கு.

இவ்வளவுதான் தொட்டியின் சாமர்த்தியம். வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும், அதில் அழுகக்கூடிய பொருளில் பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. நோய்க்கிருமிகளோ கோடிக்கணக்கில் இருக்கின்றன. தொட்டியைக் கட்டிவிட்டால் அசுத்தம் தீர்ந்துவிட்டது என்று எண்ணும் நம்மவர்கள் இதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள். உண்மையான சுத்திகரிப்பு நடப்பது தொட்டிக்கு வெளியே, அந்த நீர் போய் இறங்கும் உறிஞ்சு குழிக்குக் கீழே, காற்றும் ஈரமும் கலந்து நிற்கும் சில அடி மண்ணில். அங்கே மணற்பருக்கைகளின் இடையில் நீர் மெல்லிய படலமாகப் படிந்து இறங்குகையில், பெரிய கிருமிகள் வடிக்கப்படுகின்றன. சிறியவை களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணுக்கே உரிய ஜீவராசிகள் அவற்றைத் தின்று தீர்க்கின்றன. பிராணவாயு மிச்சமுள்ள அழுக்கை எரித்துவிடுகிறது. காற்றுள்ள மண் சுமார் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு இருந்தால், அதன் அடியிலிருந்து இறங்கும் ஜலத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. நகரசபையோ மின்சார வாரியமோ எதுவும் செலவழிக்காமல் நடக்கும் இந்தக் காரியத்துக்கு மண் கேட்பது இரண்டே: கொஞ்சம் இடம், கொஞ்சம் காற்று.

மண்ணின் இந்தச் சக்தி எப்போது கெடுகிறது? பல ஆண்டுகள் லாரி வராமல் கசடு ஏறிக்கொண்டே போனால், நீர் நின்று தெளிவதற்குத் தொட்டியில் இடம் இராது; கலங்கலாகவே உறிஞ்சு குழிக்குள் பாயும். குழியின் சுவரிலும் அடியிலும் கன்னங்கறேலென்று ஒரு பாசிப்பசை படரும். அளவாக இருக்கும்வரை இந்தப் பசை நன்மையே செய்கிறது. நீரை மெதுவாக விட்டு, நன்றாக வடிகட்டுகிறது. தடித்துவிட்டாலோ மண்ணின் துவாரங்கள் அடைபட்டு, நாளுக்கு நாள் இறங்கும் அளவு குறைந்து, குழி நிரம்பி, நீர் பக்கவாட்டில் எளிய வழியைத் தேடுகிறது. அந்த எளிய வழி, அஸ்திவாரம் தோண்டி நிரப்பிய இளகிய மண்ணின் ஓரமாக இருப்பதால்தான், கசிவு எப்போதும் மதிலடியில் தலைகாட்டுகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் நீரையும், சில வீடுகளில் மொட்டைமாடி மழைநீரையும்கூடத் தொட்டியிலேயே திருப்பிவிடுகிறார்கள். அது பெரிய அறியாமை. மாமல்லபுரத்து விடுதிகளிலும் வார இறுதிக்கு வாடகைக்கு விடும் கடற்கரை வீடுகளிலும் தொந்தரவு வேறு விதமானது. ஐந்து நாள் பட்டினி கிடந்த தொட்டிக்குள் சனி, ஞாயிறுகளில் நாற்பது பேரின் குளியல் நீர் ஒரேயடியாகப் புகுந்து, அடியில் படிந்ததையும் கிளறிக்கொண்டு வெளியேறுகிறது.

இனி இந்த ஜில்லாவின் பூமியைப் பற்றிச் சொல்லவேண்டும். 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டில் இரண்டு வெவ்வேறு உலகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கிழக்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் சமுத்திரத்துக்கும் இடையில் நீண்டு கிடப்பது மணல். மணலில் குழி வெட்டினால் நீர் உடனே இறங்கிவிடும். ஆகவே தொட்டி ஒருநாளும் நிரம்புவதில்லை, கசிவும் கண்ணில் படுவதில்லை, வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி வந்து உறையின் அடியைத் தொட்டுவிட்டால், நடுவிலிருந்த காற்றுள்ள மண் மறைந்துவிடுகிறது. அப்புறம் குழியிலிருந்து வருவது நேரே ஊற்றில் கலக்கிறது. மேற்கே செங்கல்பட்டை நோக்கிப் போனால் ஏரி வண்டலும் களியும், அதன் கீழே பாறையும் வருகின்றன. அந்தப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவின் ஸ்தாபகர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையை ஒத்திருக்கக் கண்டு, தாமஸ் ஹாலந்து என்ற புவியியல் நிபுணர் இட்ட பெயர் அது. களியில் நீர் இறங்காது. எனவே அங்கே கசிவு மேலே வெளிப்பட்டுச் சண்டையை மூட்டும். பாறையிலோ நீர் வெடிப்புகள் வழியாக மட்டுமே ஓடும். வெடிப்பில் வடிகட்டுவதற்கு எதுவும் கிடையாது. முந்நூறு அடி போர்வெல் போட்டிருக்கிறோம், நமக்கு என்ன வரும் என்று ஆழத்தை நம்பியிருப்பவர்கள், அந்த ஆழத்துக்கு நீர் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை யோசிப்பதில்லை.

தூரத்தைப் பற்றி ஒரு விதி உண்டு. செப்டிக் டேங்க் அமைப்பதற்கான 2470-ஆம் எண் இந்தியத் தரவிதி, கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்கவேண்டும் என்கிறது. நாற்பதடிக்கு அறுபதடி உள்ள ஒரு கிரவுண்டு மனையின் நீளமே 18 மீட்டருக்குச் சற்றுத்தான் கூடுதல். ஆக, முன் மூலையில் கிணறும் பின் மூலையில் குழியும் வைத்தால்தான் ஒரு வீட்டுக்காரர் தமக்குத் தாமே நியாயம் செய்துகொள்ள முடியும். அப்போதும் அவருடைய பின் மூலை, பின்வீட்டாரின் கிணற்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மனைகள் அரைக் கிரவுண்டாகவும் அதற்கும் குறைவாகவும் விற்கப்படும் இன்றைய லே-அவுட்டுகளில் இந்த விதியைக் கடைப்பிடிப்பது க்ஷேத்திர கணிதத்துக்கே முடியாத காரியம். இவ்விஷயத்தில் அண்டை வீட்டாரைவிட, மனையைப் பிரித்தவர்களையும் அதற்கு அங்கீகாரம் கொடுத்தவர்களையும் நொந்துகொள்வதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

தூரத்தைவிடக் காலம் முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும். ஐரோப்பாவில் குடிநீர்க் கிணறுகளுக்குக் காப்பு எல்லை வகுப்பவர்கள், அசுத்தம் கிணற்றை வந்தடைய 50 நாள் பிடிக்குமானால், குடற்கிருமிகளில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துவிடும் என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் நாளுக்கு அரை மீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டால், 18 மீட்டரைக் கடக்க 36 நாள்தான் ஆகிறது. அதற்குமேல் நாம் மோட்டாரைப் போட்டு இழுக்கையில் நீரின் நடை இன்னும் துரிதப்படுகிறது.

"இந்த வீட்டுக்குக் குடிவந்து இருபது வருஷமாச்சு சார், ஒரு தடவைகூட லாரியைக் கூப்பிட்டதில்லை" என்று பெருமையோடு சொல்லும் பெரியவர்களைத் தெருவுக்கு ஒருவராவது காணலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கசடு எடுக்க வேண்டிய அவசியமே நேராத தொட்டி உலகத்தில் கிடையாது. அடிப்பூச்சு இல்லாமல், வெறும் செங்கல்லையோ சிமெண்ட் உறையையோ இறக்கிவிட்டு அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிரம்பி வழியும் தொட்டி நாற்றத்தால் தன்னைக் காட்டிக் கொடுக்கிறது. ஒருபோதும் நிரம்பாத தொட்டியே அஞ்சத்தக்கது.

இதற்கு உலகப் பிரசித்தமான சாட்சியம் லண்டனில் இருக்கிறது. 1854 ஆகஸ்டு இறுதியில் ஸோஹோ பகுதியின் பிராட் வீதியில் காலரா வெடித்து 616 பேரை மாய்த்தது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வீதியின் கைப்பம்பு நீரைக் குடித்தவர்கள் என்று நிறுவி, செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதையைப் பலரும் படித்திருப்பார்கள். கிணற்றுக்குள் விஷம் எப்படிப் போயிற்று என்பதைக் கண்டுபிடித்தவர் வேறொருவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார், ஸ்னோவின் கொள்கை தவறு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கியவர். கடைசியில் அவரே அதற்கு ஆதாரம் தேடிக்கொடுத்தார். பம்புக்கு எதிரேயிருந்த 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்திருந்ததும், அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் முன்புறத்து மலக்குழியில் ஊற்றியதும் அவருக்குத் தெரியவந்தது. 1855-இல் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கற்கள் உதிர்ந்து, காரை கரைந்து, மூன்றடிக்கும் குறைவான மண்ணுக்கு அப்பால் கிணற்றுச் சுவர் இருந்தது. கைப்பிடியைக் கழற்றிய அதே நாளில் குழந்தையின் தகப்பனாரும் காலராவில் விழுந்தார். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போயிற்று. கைப்பிடி அன்று கழற்றப்படாமல் இருந்திருந்தால் இரண்டாவது சுற்று சாவு நிகழ்ந்திருக்கும் என்று வைட்ஹெட் பிற்பாடு எடுத்துக்காட்டினார். ஒரு வீட்டுக் குழியின் காரை உதிர்ந்த குற்றத்துக்கு ஒரு பேட்டை செலுத்திய விலை இது. அந்த வீட்டில் யாருக்கும் தங்கள் குழி பழுதாகிவிட்டது என்ற பிரக்ஞையே இருக்கவில்லை.

நம் விவகாரத்துக்கு வருவோம். கசிவு அடுத்த வீட்டிலிருந்துதான் வருகிறது என்பதை எப்படி நிரூபிப்பது? வாய்ச்சண்டைக்கு முன் சாஸ்திரம் கொஞ்சம் உதவி செய்யும். மழைநீரா, கழிவுநீரா என்ற முதற் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சலவைத் தூள்களில் துணிக்கு வெண்மை காட்டுவதற்காகச் சேர்க்கும் ரசாயனம், புறஊதா ஒளியில் நீலமாக மின்னும் குணமுடையது. வெளுப்பேற்றாத பஞ்சை ஒரு வலையில் கட்டி, கசிவில் சில நாள் ஊறவைத்து, அலசி, இருட்டில் கள்ளநோட்டுப் பார்க்கும் சிறு விளக்கைக் காட்டினால், சலவை நீர் கலந்திருக்கும் பட்சத்தில் பஞ்சு ஒளிரும். ஊறவைக்காத பஞ்சு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளவேண்டும்.

எந்த வீடு என்ற கேள்விக்குச் சாயப் பரிசோதனை பதில் சொல்லும். இதன் மூதாதையும் ஓர் அண்டை வீட்டுத் தகராறே; அண்டை வீடுகள் சற்றுப் பெரியவை. ஜெர்மனியில் டான்யூப் நதி ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்துபோக, அந்த நீர்தான் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் ஊற்றாக வெளிப்படுகிறதா என்று இரு பக்கத்து ஆலைக்காரர்களும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1877 அக்டோபரில் அடால்ஃப் நாப் என்ற பேராசிரியர் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தை நதியில் கரைத்துவிட, ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து ஆக் ஊற்று பச்சையாக ஜொலித்தது. நமக்கு ஒரு சிட்டிகை போதும். பக்கத்து வீட்டாரின் சம்மதத்தோடு அவர் கழிப்பறையில் அதைக் கரைத்து ஊற்றிவிட்டு, கசிவை நாள்தோறும் கவனிக்கவேண்டும். பச்சை தென்பட்டால் வாதத்துக்கு இடமில்லை. தென்படாவிட்டால் அவர் நிரபராதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. களிமண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம்.

கிணற்று நீரைச் சோதிப்பதில் இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்நாட்டில் கிணற்றில் திடீரென்று உப்புக் கூடினால், கழிவு கலந்ததோ என்று சந்தேகிப்பது நியாயம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை அந்த அனுமானம் செல்லாது. அதிகமாக இறைத்ததனால் சமுத்திர நீரே உள்ளே வந்திருக்கலாம். அங்கே பார்க்கவேண்டியவை நைட்ரேட்டும், அம்மோனியாவும், எல்லாவற்றுக்கும் மேலாக ஈ.கோலை என்னும் குடற்பாக்டீரியாவும். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். இதில் ஒரு வேடிக்கை: நல்ல மண் கிருமிகளைக் கொல்லும்போதே அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது; அந்த நைட்ரேட்டை மட்டும் அதனால் பிடித்துவைக்க முடிவதில்லை. அதிக நைட்ரேட் உள்ள கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த சிசுக்கள் நீலம் பாய்ந்துபோவதை 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் விளக்கினார். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களும் கிண்டி கிங் நிலையமும் நீர் மாதிரிகளைப் பரிசோதித்துக் கொடுக்கின்றன. அதற்குமுன் வீட்டிலேயே பார்க்க விரும்புவோருக்கு, மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. ரசாயனம் தோய்ந்த காகிதம் உள்ள சிறு புட்டியில் நீரை நிரப்பி, ஒன்றிரண்டு நாள் அறையில் வைத்தால், குடற்கழிவு கலந்த நீர் கறுத்துப்போகும். கறுத்த புட்டியைக் காட்டிலும் வலுவான வாதம் பக்கத்து வீட்டாரிடம் எடுபடாது என்று தோன்றுகிறது.

வாதம் எடுபடாதபோது சட்டம் இருக்கிறது. 1704-இலேயே இங்கிலாந்தில், சுவர் பழுதான கக்கூஸிலிருந்து அசுத்தம் அடுத்த வீட்டு நிலவறைக்குள் இறங்கிய வழக்கில், தன் அழுக்கைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்வது உடையவனுடைய கடமை என்று தீர்ப்பாயிற்று. கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பற்றிய தீர்ப்புக்கு 1885 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் பாழுங்கிணற்றில் கழிவைவிட்ட ஒருவர், பூமிக்கடியில் ஓடும் நீர் யாருக்கும் சொந்தமில்லையே, அதைக் கெடுத்ததாக யார் வழக்காட முடியும் என்று கேட்டார். நீர் யாருக்கும் சொந்தமில்லாவிட்டாலும் எல்லோரும் எடுக்கக்கூடிய ஊற்றைக் கெடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றது அப்பீல் கோர்ட்டு. இதில் நாம் அவர்களுக்குப் பின்தங்கியவர்கள் அல்ல. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1882-இல், முதன்முதலாகச் சென்னை ராஜதானியையும் மத்திய மாகாணங்களையும் குடகையும் முன்னிட்டு இயற்றப்பட்ட இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தின் ஊடே ஊறிச் செல்லும் நீரைப் பிறர் நியாயமின்றி அசுத்தப்படுத்தாமல் இருப்பது நிலவுடைமையாளரின் உரிமை என்று ஏழாம் பிரிவின் உதாரணங்களிலேயே எழுதி வைத்துவிட்டது.

நடைமுறையில் முதலில் போகவேண்டிய இடம் நகராட்சி அல்லது பேரூராட்சியின் சுகாதார ஆய்வாளர், கிராமமானால் ஊராட்சி. 1939-இல் ராஜாஜியின் மந்திரிசபைக் காலத்தில் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம், தொல்லை தரும் அசுத்தத்தை அகற்றும்படி நோட்டீஸ் கொடுக்க அதிகாரம் அளித்திருக்கிறது. கழிவு தெருவுக்கோ பொதுக் கால்வாய்க்கோ பாய்ந்தால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கையில் பணமில்லை என்று நகராட்சி சாக்குச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது இந்தப் பிரிவின் கீழ்தான். கசிவு நம் புழக்கடையோடு நின்றுவிட்டால் அது உரிமையியல் நீதிமன்றத்தின் விஷயம். உறுத்துக்கட்டளை கோரலாம், வழக்கறிஞர் ஆணையரை நேரில் அனுப்பிப் பார்வையிடச் செய்யும்படியும் கேட்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் வாய்தா வாங்கும் வழக்கைவிட, பாதிச் செலவை நாம் ஏற்றுக்கொண்டு ஒரு லாரியை வரவழைப்பது சிக்கனம் என்று சொன்னால் வக்கீல்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

லாரி வந்தால் மட்டும் போதுமா? கசடை எடுத்தபின் தொட்டியின் வெளிவாய்க் குழாய் உடைந்திருக்கிறதா, அடித்தளம் விரிந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, அடைபட்ட குழிக்குப் பதில் வேறிடத்தில் புதுக் குழி எடுத்து, பழையதைச் சில மாதம் காயவிட்டால், கறுத்த பசை காற்றுப்பட்டுத் தானே சிதைந்துபோகும். மணற்பாங்கான இடத்தில் குழியின் அடியை மூடி, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நயமான மணலை நிரப்புவது கிணற்றுக்குப் பாதுகாப்பு. குளியல், சலவை நீரை வாழைக்கோ கல்வாழைக்கோ தனியே திருப்பிவிட்டால் தொட்டியின் பாரம் பாதிக்குமேல் குறையும். காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுவதையும் மறக்கலாகாது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இத்தகைய அழுக்குநீர்தான் உகந்த பிறப்பிடம். எடுத்த கசடு ஏரிக்கரையில் கொட்டப்படாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று லாரிக்காரரைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் மலக்கசடுக்கென்றே அமைந்த முதல் நிலையம் இதே மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் இயங்குகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் பாக்கி. தொட்டிக்குள் எந்தக் காரணம் கொண்டும் மனிதரை இறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகும்போது மூக்கின் உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்து மடிகிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வாறு இறக்குவது குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 2014-இல் பத்து லட்சம் என்று வகுத்த நஷ்டஈட்டை 2023-இல் முப்பது லட்சமாக உயர்த்தியது உச்சநீதிமன்றம். மற்றது, காலத்தைப் பற்றியது. மழை பிடித்துக்கொண்டபின் தொட்டியைக் காலி செய்தால், ஏறிவந்த நிலத்தடி நீர் வெறுந்தொட்டியைக் கீழிருந்து தூக்கும். 3,000 லிட்டர் தொட்டி முழுதும் நீரில் அமிழ்ந்திருந்தால் அந்த விசை ஏறக்குறைய மூன்று டன். ஃபைபர் தொட்டிகள் மிதந்துவிடும், செங்கல் தொட்டிகள் விரிசல் காணும். ஆகவே பக்கத்து வீட்டாரிடம் பேசுவதானாலும், லாரிக்குச் சொல்வதானாலும், ஆவணி மாதத்துக்குள் செய்துவிடுங்கள்.